உரம்தானே என்பவர்களுக்கு...

லண்டனுக்குத் தெற்கே சர்ரேயில் பாக்ஸ் ஹில் என்று ஒரு குன்று. காட்டுக்குள் நுழைந்து சுண்ணாம்புப் புல்வெளியில் வெளியே வரலாம். நாயையும் கூட்டிப் போகலாம். நல்ல விஷயம்தான். ஆனால் 'நாய் வரலாம்' என்றால் 'அவிழ்த்து விடலாம்' என்று சிலர் எடுத்துக்கொள்வதுதான் கோளாறு.

"எங்க நாய் யாரையும் கடிக்காது" என்பார்கள். சரி. தரையில் கூடு கட்டும் வானம்பாடிக்கு அது தெரியுமா? நாய் நெருங்கினால் முட்டையை விட்டுப் பறந்துவிடும்.

அடுத்து, "ஆய் போனா என்ன, உரம்தானே?" இதுதான் பெரிய அபத்தம்! சுண்ணாம்பு மண்ணில் சத்து குறைவு. அதனால்தான் ஒரு சதுர மீட்டரில் 40 வகைச் செடிகள் வரை பிழைக்கின்றன. உரம் ஏறினால் முரட்டுப் புல் மண்டி மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். பெல்ஜியத்தின் கென்ட் நகரையொட்டிய இயற்கைக் காப்பிடங்களைப் பற்றி 2022இல் வந்த ஆய்வின் கணக்கு இது: ஆண்டுக்கு ஒரு ஹெக்டேரில் நாய்கள் சேர்ப்பது 11 கிலோ நைட்ரஜன், 5 கிலோ பாஸ்பரஸ். பாஸ்பரஸ் கிட்டத்தட்ட முழுவதும் மலத்தில்தான். அள்ளினால் தீர்ந்தது.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுமக்கள் நடக்கத் திறந்துவிட்ட நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடிக்க வேண்டும்.

ஒரு கயிறு, ஒரு பை. நாயை நேசிப்பவருக்கு இதுகூடவா பாரம்?