தராசு சாட்சி சொல்லட்டும்!



மூன்று மாதத்தில் மூன்று கிலோ! கடைவீதியில் காய்கறி வாங்குவோர்க்கு அது ஒரு பையின் சுமை. அறுபது கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டியின் உடலிலிருந்து அது கரைந்துபோனால்? கரைவது கொழுப்பு மட்டுமன்று. எழுந்து நிற்கத் துணைநின்ற தசையுமாகும். தசை தளர்ந்தால் கால் இடறும். கிடந்த கிடையில் படுக்கைப்புண் தோன்றும். தோன்றிய புண் எளிதில் ஆறாது.

ஆஸ்திரேலிய நாடு இதனைக் கணக்கில் ஏற்றியிருக்கிறது. 2019 ஜூலை முதல், அரசின் மானியம் பெறும் முதியோர் இல்லங்கள், தம்மிடம் வாழ்வோரில் எண்ணாமலே எடை இழந்தோர் எத்தனை பேர் என்று காலாண்டுதோறும் அரசுக்கு அறிவித்தாக வேண்டும். மூன்று மாதத்தில் 5 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால் அது ஒரு கணக்கு. சிறிதளவே ஆயினும் மூன்று மாதமும் விடாது குறைந்தால் அது மற்றொரு கணக்கு. இரண்டாவதை வகுத்தவரைப் பாராட்டத்தான் வேண்டும். அரைக் கிலோ குறைந்தால் எவர் பதறுவார்? பதறாத இடத்தில்தானே பட்டினி குடிபுகுகிறது!

பட்டினியா, செல்வம் கொழிக்கும் நாட்டிலா என்று கேட்பீர்கள். 2018-இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம், மறு ஆண்டு தந்த இடைக்கால அறிக்கைக்கு இட்ட பெயரே 'புறக்கணிப்பு' என்பது! அந்நாளில் ஓர் ஆய்வு, இல்லங்கள் ஆளொன்றுக்கு ஒரு நாள் உணவுப் பொருளுக்குச் செலவிட்ட தொகை சராசரியாக 6 டாலரைச் சற்றே தாண்டியது எனக் காட்டிற்று. மூன்று வேளைக்கும் சேர்த்து!

எனினும், குறை பணத்தில் மட்டுமன்று. பல்செட் தளர்ந்துவிட்டது, கடிக்க இயலவில்லை. விழுங்கினால் புரையேறுகிறது, ஆகவே எல்லாவற்றையும் கூழாக அரைத்து வைக்கின்றனர், எது இறைச்சி, எது கிழங்கு என்றே தெரியவில்லை. மருந்து நாவின் சுவையைக் கெடுக்கிறது. மறதி நோயாளிக்கோ, எதிரே இருப்பது உணவென்பதே நினைவில்லை. தட்டு வருகிறது; கைக்கு எட்டாத மேசையில் அமர்கிறது; அரைமணி கழித்து அப்படியே திரும்புகிறது. 'சாப்பிடவில்லை' என்று குறிப்பெழுத ஓர் ஆள் உண்டு. பக்கத்தில் அமர்ந்து ஊட்டத்தான் ஆளில்லை!

2021 ஜூலையில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 10 டாலர் கூடுதலாகத் தந்து, உணவுச் செலவின் கணக்கையும் கேட்டது அரசு. 2024 அக்டோபர் முதல், ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 215 நிமிடப் பராமரிப்பு என்பது இலக்கு. குளிப்பாட்டுவது, உடுத்துவது, மருந்து தருவது யாவும் அதற்குள்! உணவூட்ட எஞ்சுவது எத்தனை நிமிடம்? நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

எண்ணிக்கையை ஏய்க்கலாமே என்பார்கள். ஆம், ஏய்க்கலாம். ஒரு மாதம் காலையில் வெறும் வயிற்றோடும், மறு மாதம் மாலையில் கம்பளிச் சட்டையோடும் நிறுத்தால் தராசும் பொய் சொல்லும். ஆதலால்தான் அதே தராசு, அதே வேளை, ஏறத்தாழ அதே உடை என்று வற்புறுத்துகின்றனர். நிறுக்க மறுத்தவர் எத்தனை பேர் என்பதையும் தனியே காட்டச் சொல்கின்றனர்.

2025 நவம்பர் முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் கீழ், உணவும் ஊட்டமும் தனியொரு தரவிதியாகவே நிற்கின்றன. இனி, ஆய்வுக்குச் செல்லும் அதிகாரி அலுவலறையில் பதிவேட்டைப் புரட்டியதோடு திரும்பிவிட வேண்டாம். பகலுணவு முடியும் வேளையில் சமையற்கட்டு வாயிலில் நிற்கட்டும். திரும்பி வரும் தட்டுகளில் எத்தனை தொடப்படாதவை, அவை எவருடையவை என்று கேட்கட்டும்.