மாயக் கதைகள் மயக்கும் கதைகளா?

கதை கேட்கும் ஆசை மனிதனுடன் பிறந்தது. பாட்டியின் மடியில் தலைவைத்து இராஜகுமாரியின் கதையைக் கேட்டபடி உறங்காத குழந்தை நம் நாட்டில் அரிது. வயது ஏற ஏறக் கதைகள் மாறுகின்றனவே தவிர, ஆசை மாறுவதில்லை. இன்று மாணவியர் பலர் விரும்பிப் படிக்கும் கதைகளுள் ஒரு வகை ஆங்கிலத்தில் ‘கோஸி ஃபேன்டஸி ரொமான்ஸ்’ என்று வழங்கப்படுகிறது. மந்திரமும் காதலும் கலந்த, மனத்துக்கு இதமான நாவல்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ‘கோஸி’ என்பது குளிர் நாட்டாரின் சொல். வெளியே பனி கொட்ட, உள்ளே நெருப்பின் அருகே போர்வைக்குள் அமர்ந்திருக்கும் சுகத்தை அது குறிக்கும். சித்திரை வெயிலில் வாடும் நமக்கு, வேப்பமர நிழலும் பானைத் தண்ணீரும் தரும் சுகம் என்று சொன்னால் எளிதில் விளங்கும்.

இக்கதைகளைப் பற்றிப் பெரியோர் கூறும் குறைகள் இரண்டு. படிக்க வேண்டிய நேரத்தை இவை விழுங்கிவிடுகின்றன என்பது ஒன்று. பெண்பிள்ளைகளின் நெஞ்சில் வேண்டாத கனவுகளை விதைக்கின்றன என்பது மற்றொன்று. ரமணிசந்திரன், லட்சுமி ஆகியோரின் நாவல்களை வாடகை நூலகங்களிலிருந்து எடுத்துப் படித்த அன்னையரும் இவ்வாறு கூறும்போது எங்களுக்குச் சற்றே சிரிப்பு வருகிறது! ஆயினும் அவர்களுடைய அச்சத்தை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. எங்களைக் கவர்வது எது என்பதை மட்டும் எடுத்துரைக்க விரும்புகிறோம். இக்கதைகளில் பெண்ணின் விருப்பம் கேட்கப்படுகிறது. அவள் சொல்லும் பதில் மதிக்கப்படுகிறது. எங்களை இழுக்கும் மந்திரம் இதுவே.

இவ்வகைக் கதைகளுக்கு மூதாதை என்று கூறத்தக்கது ‘அழகியும் அரக்கனும்’ என்னும் பிரெஞ்சுக் கதை. வில்நவ் அம்மையார் 1740-இல் வெளியிட்ட நீண்ட கதையைச் சுருக்கி, 1756-இல் புதிதாக எழுதியவர் லெப்ரென்ஸ் தெ பொமோன் அம்மையார். இவர் இங்கிலாந்தில் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்த ஆசிரியை. ஓர் ஆசிரியையும் அவருடைய மாணவியரும் உரையாடுவதாக அமைந்த நூலில்தான் அவர் இக்கதையைச் சேர்த்தார். ஆகவே, மாயக் காதல் கதைக்கும் வகுப்பறைக்கும் உள்ள உறவு பழையது எனலாம்.

அக்கதையில் தந்தையின் உயிரைக் காக்க அழகி அரக்கனின் மாளிகைக்குச் செல்கிறாள். அங்கே அவளுக்கென்று ஒரு பெரிய நூலகம் இருக்கிறது. ஒவ்வோர் இரவும் அரக்கன் அவளிடம், தன்னை மணக்கச் சம்மதமா என்று கேட்கிறான். அவள் மறுக்கிறாள்; அவன் பெருமூச்சு விட்டுப் போய்விடுகிறான். தினமும் கேட்பதும் ஒரு தொல்லைதானே என்று எங்களுள் சிலர் கூறுவதுண்டு. அது நியாயமே. ஆனால் அவன் மிரட்டுவதில்லை. அவள் தந்தையைக் காண விரும்பியபோது, பிரிவு தன் உயிருக்கே கேடாகும் என்று அறிந்தும் அனுப்பி வைக்கிறான். அவள் திரும்பி வருவது தானாக எடுத்த முடிவு.

இதற்கு 230 ஆண்டுகளுக்குப் பின், 1986-இல், டயானா வின் ஜோன்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் ‘ஹவுல்ஸ் மூவிங் காஸில்’ என்ற நாவலை எழுதினார். ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி 2004-இல் அதனைத் திரைப்படமாக்கினார். நாவலின் நாயகி சோஃபி, தொப்பிக் கடையில் ஓசையின்றித் தைத்துக்கொண்டிருக்கும் மூத்த பெண். சூனியக்காரி ஒருத்தியின் சாபத்தால் அவள் கிழவியாகிறாள். கிழவியானதும் அவளுடைய பயம் பறந்துவிடுகிறது! மனத்தில் பட்டதைப் பேசுகிறாள். ஊரே அஞ்சும் மந்திரவாதியின் கோட்டைக்குள் தானே நுழைந்து, துப்புரவு செய்பவளாகத் தன்னைத் தானே நியமித்துக்கொள்கிறாள். அந்த மந்திரவாதி ஹவுலோ குளியலறையில் மணிக்கணக்கில் ஒப்பனை செய்துகொள்பவன். தலைமயிரின் நிறம் கெட்டதற்காக ஆர்ப்பாட்டம் செய்பவன். அவனுடைய குறைகள் அத்தனையும் சோஃபிக்குத் தெரியும். தெரிந்த பின்னரே அவர்களிடையே அன்பு மலர்கிறது.

இனி, எங்கள் கண்முன் உள்ள வேறு காதல் கதைகளைப் பாருங்கள். நம் திரைப்படங்கள் பலவற்றில் கதாநாயகன், பேருந்து நிறுத்தம் முதல் வீட்டு வாசல் வரை கதாநாயகியைப் பின்தொடர்கிறான். அவள் முகத்தைச் சுளித்தால் பாட்டுப் பாடுகிறான், திட்டினால் சிரிக்கிறான். இடைவேளைக்குள் அவள் மனம் மாறிவிடுகிறது. அரங்கில் கைதட்டல் பெறும் அச்செயல் தெருவில் நடந்தால் எத்தனை அச்சம் தரும் என்பதைப் பள்ளி விட்டு நடந்து செல்லும் எந்தப் பெண்ணும் சொல்வாள். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பின்னும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, 2013-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது குற்றமே. சட்டம் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும், திரைப்படம் வேறொன்றைச் சொல்லித் தருகிறது. ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம் என்றே பொருள் கொள்ளும் கதையை நாங்கள் நாடுவதில் வியப்பு உண்டோ?

இக்கதைகளின் மற்றொரு கவர்ச்சி, சிறிய வேலைகளுக்கு அவை தரும் மரியாதை. டிராவிஸ் பால்ட்ரீ 2022-இல் வெளியிட்ட ‘லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’ நாவலில், விவ் என்னும் வீராங்கனை வாளை மாட்டி வைத்துவிட்டு, காப்பியே அறியாத ஊரில் காப்பிக் கடை திறக்கிறாள். கடை தீக்கிரையாகும்போது, தச்சரும் ரொட்டி சுடுபவருமாக அவளுடன் உழைத்த நண்பர்கள் மீண்டும் கட்டியெழுப்பத் துணை நிற்கிறார்கள். சாரா பெத் டர்ஸ்ட் எழுதி 2024-இல் வெளிவந்த ‘தி ஸ்பெல்ஷாப்’ நாவலில், கீலா என்னும் நூலகர், எரியும் நூலகத்திலிருந்து மந்திர நூல்களைக் காப்பாற்றிப் படகில் தப்புகிறாள். துணைக்கு வருவது பேசும் செடி ஒன்று! பெற்றோர் வாழ்ந்த தீவுக்குச் சென்று ஜாம் செய்து விற்கிறாள். வாள் வீச்சு அடங்கிய இடத்தில் காப்பி மணமும், நகரம் எரிந்த பின் ஜாம் பாத்திரமும் வருவது எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இது வாழ்க்கையிலிருந்து ஓடுவதாகாதா என்று கேட்கலாம். ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசியும் ‘தி ஹாபிட்’ நூலின் ஆசிரியருமான டோல்கியன், 1939-இல் ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதனை விரித்து எழுதிய கட்டுரையில், சிறைப்பட்டவன் தப்புவதும் போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதும் ஒன்றல்ல என்று அவர் விளக்குகிறார். மாதிரித் தேர்வு, திருப்புதல் தேர்வு, சிறப்பு வகுப்பு என்று ஓடும் நாளில் இரவு பத்துப் பக்கம் படிப்பவள் களத்தைவிட்டு ஓடியவள் அல்லள். காலையில் அவள் மீண்டும் கணக்கு நோட்டின் முன் அமர்கிறாள்.

எனினும் இக்கதைகளைக் குறையற்றவை என்று நாங்கள் கூறமாட்டோம். இவ்வகையில் வரும் நூல்கள் எல்லாமே எங்கள் வயதுக்கு ஏற்றவை அல்ல. ஆதலால் தேர்ந்தெடுப்பதில் பெரியோரின் துணை வேண்டும். மேலும், கதையில் கடை நடத்துவது எளிதாகத் தோன்றுகிறது. உண்மையான கடையில் வாடகையும் கடன் பாக்கியும் வாசலில் காத்து நிற்கும்.

எங்களைப் பெரிதும் சிந்திக்க வைத்தது மற்றொன்று. கீலா அடுப்பின் முன் நின்றால் அது இனிய காட்சியாகிறது. அதே வேலையை எங்கள் அன்னையர் விடியுமுன் எழுந்து நாள்தோறும் செய்கிறார்கள். அதனை எவரும் மந்திரம் என்று அழைப்பதில்லை. கீலா விரும்பித் தேர்ந்த தொழில் அது, உண்பவர்கள் பாராட்டுகிறார்கள். நம் வீடுகளிலோ, சாம்பாரில் உப்புக் குறைந்த அன்றுதான் பேச்சே எழுகிறது. என்ன சமைக்க விருப்பம், இன்று ஓய்வு வேண்டுமா என்று அன்னையரிடம் கேட்பவர் எத்தனை பேர்? கதையில் இதமாக இருப்பது வீட்டில் சுமையாவதற்கு இந்தக் கேள்வி இல்லாமையே காரணம் என்பது எங்கள் கருத்து.

பாசமிகு பெற்றோரே, வணக்கத்துக்குரிய சகோதரிகளே! எங்கள் கையிலுள்ள புத்தகத்தை வாங்கி அலமாரியில் பூட்டுமுன், அதில் என்ன கதை என்று ஒருமுறை கேளுங்கள். நாங்கள் மகிழ்வுடன் சொல்வோம். கூடாத பகுதி இருந்தால் நீங்கள் எடுத்துரைப்பதையும் கேட்போம். நீதிபோதனை வகுப்பில் இக்கதைகளைப் பற்றி உரையாட ஒரு பாடவேளை கிடைத்தால் இன்னும் நன்று.

அன்புத் தோழியரே! கதையில் நமக்குப் பிடித்ததை நம் வீட்டிலும் செய்து பார்ப்போம். கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்ததும் அடுக்களைக்குச் செல்வோம். “அம்மா, நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்போம். தம்பியையும் உடன் அழைத்துச் செல்வோம். உண்டு முடித்தபின் நன்றி சொல்ல எவரும் மந்திரம் கற்கத் தேவையில்லை.