ஒட்டிக்கொண்ட பாட்டெல்லாம் உயர்ந்த பாட்டா?

கடற்கரைச் சாலையில் மாலையில் வந்து உட்காரும் நம் வயதுக்காரர்களிடம் ஒரு வாதம் உண்டு. "அந்தக் காலத்துப் பாட்டு இன்னும் மண்டையில ஓடுது. இந்தக் காலத்துப் பாட்டு ஒரு மாசம் தாங்குமா?" என்பார்கள். பழைய பாட்டு எனக்கும் உயிர்தான். ஆனால் இந்த வாதம் செல்லாது.

மண்டையில் ஓடுவதுதான் தரத்துக்குச் சான்று என்றால், எண்பதுகளில் தூர்தர்ஷனில் வந்த நிர்மா சலவைத்தூள் விளம்பரப் பாட்டுதான் நம் தலைமுறையின் தலைசிறந்த இசை. அந்த மெட்டு தெரியாதவர் யாராவது உண்டா? ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனை பல் துலக்கும்போது தானாக ஓடுகிறது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஜெர்மானியர் இதைக் 'காதுப் புழு' என்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்த பாட்டுக்கு நாங்கள் பள்ளியில் படித்த பிரெஞ்சுச் சொல் 'ராங்கேன்'. இரண்டிலுமே பாராட்டு இல்லை.

இங்கிலாந்தில் சுமார் 3,000 பேரிடம் கேட்டு நடத்திய ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. ஒட்டிக்கொள்ளும் பாட்டுகள் சற்று வேகமானவை. மெட்டு பழகிய வழியில் ஏறி இறங்கும். இடையில் எதிர்பாராத ஒரு தாவல் இருக்கும். அடிக்கடி கேட்டிருப்பதும் ஒரு காரணம். இதில் கவிநயத்துக்கு எங்கே இடம்?

நம்மை அடிக்கடி கேட்க வைத்தவை இலங்கை வானொலியும், டீக்கடையும், கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியும். வேண்டாம் என்றாலும் காதில் விழுந்தது. அப்போது நமக்கு இளவயது. பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் பதிந்தவை முதுமையில் முந்திக்கொண்டு நினைவுக்கு வரும் என்கிறது உளவியல். இன்றைய பையன்களும் எழுபது வயதில் இன்றைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தங்கள் பேரன்களைத் திட்டத்தான் போகிறார்கள்.

விஸ்வநாதன்–ராமமூர்த்தி உயர்வு என்றால் மெட்டைக் காட்டிச் சொல்லுங்கள். கண்ணதாசன் உயர்வு என்றால் சொல்லைக் காட்டுங்கள். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு பாட்டைப் போட்டு, எங்கே எது அழகு என்று எடுத்துச் சொல்லுங்கள். "எனக்கு இன்னும் மறக்கலை" என்பது நம் மூளையைப் பற்றிய சேதி. பாட்டைப் பற்றியது அல்ல. அதையே சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் நம்மையும் கேட்கமாட்டார்கள், அந்த நல்ல பாட்டையும் கேட்கமாட்டார்கள்.