ஓசி விளையாட்டு வேண்டாம், டிக்கெட் போடுங்க!



போன இதழில் செல்போன் விளையாட்டு நல்லதா கெட்டதா என்று ரெண்டு பேர் எழுதியிருந்தார்கள். அதையே நானும் எழுதப் போவதில்லை. நல்லதோ கெட்டதோ, பசங்க ஆடத்தான் செய்கிறார்கள். போன் கையில் கிடைத்தால் நாங்களும் ஆடுகிறோம். (கிடைப்பது அபூர்வம், அண்ணன் தம்பி வைத்தது போகத்தான் நமக்கு.) நான் எழுத வந்தது அதற்குக் காசு வாங்குகிற விதத்தைப் பற்றி. நிறைய பேர் ஒன்றாகச் சேர்ந்து இணையத்தில் ஆடுகிற விளையாட்டுக்கு எப்படிக் காசு வாங்க வேண்டும்? என் கருத்து, வாசலிலேயே டிக்கெட் போட்டு வாங்கிவிட வேண்டும். சும்மா உள்ளே விட்டுட்டு, அப்புறம் பையைத் தடவக் கூடாது.

"டிக்கெட்டா? இப்பத்தான் ஓசியில கிடைக்குதே, உனக்கு என்ன வயித்தெரிச்சல்?" என்று சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

முதலில், காசு எதற்கு? பல்லாங்குழி ஆட யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். பலகையும் நம்முடையது, புளியங்கொட்டையும் நம்முடையது. ஆனால் பி.ஜி.எம்.ஐ. விளையாட்டில் ஒரே ஆட்டத்தில் 100 பேர் வரை இறங்குகிறார்கள். ஒருத்தர் மதுரையில் இருப்பார், இன்னொருத்தர் அசாமில் இருப்பார். யார் எங்கே நிற்கிறார், யார் சுட்டார், குண்டு பட்டதா இல்லையா என்று ஒரு நொடிக்குள் பல தடவை கணக்குப் போட்டு அத்தனை போனுக்கும் சொல்ல வேண்டும். அதற்கு சர்வர் என்கிற கம்ப்யூட்டர்கள் எங்கோ இராப்பகலாக ஓடுகின்றன. அதற்குக் கரண்டு, சூடு ஏறாமல் இருக்கக் குளிர் வசதி, பார்த்துக்கொள்ள ஆட்கள், கள்ள ஆட்டம் ஆடுகிறவனைப் பிடித்து வெளியே தள்ள ஆட்கள். இது ஒருநாள் செலவு இல்லை, தினம் தினம் ஆகிற செலவு. ஆகவே காசு வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் இதை நேராகத்தான் கேட்டு வாங்கினார்கள். 1997-இல் அமெரிக்காவில் வந்த அல்டிமா ஆன்லைன் என்ற விளையாட்டுக்கு மாதம் 9.95 டாலர் சந்தா. 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு மாதம் சுமார் 15 டாலர். 2005-இல் வந்த கில்டு வார்ஸை ஒரே ஒரு தடவை விலை கொடுத்து வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது. எவ்வளவு என்று முன்னாடியே தெரியும், பிடித்தால் கட்டு, பிடிக்காவிட்டால் போ. கையில காசு, வாயில தோசை.

அப்புறம் வந்ததுதான் இந்த ஓசி முறை. கொரியாவில் நெக்சன் என்ற கம்பெனி 2003-இல் மேப்பிள்ஸ்டோரி என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. ஆடுவதற்குக் காசு இல்லை, உள்ளே சாமான் வாங்கத்தான் காசு. இப்போது ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், பி.ஜி.எம்.ஐ. எல்லாம் இந்த வழிதான். பெரும்பாலான பேர் ஒரு பைசா கட்டுவதில்லை. அப்படியென்றால் சர்வர் செலவும் லாபமும் எங்கிருந்து வருகிறது? கட்டுகிற கொஞ்சம் பேரிடமிருந்து. அந்தக் கொஞ்சம் பேரிடம் எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவு கறந்தால்தான் மற்றவர்களுக்கு ஓசி. பசு ஒன்று, கன்று நூறு என்றால் பசுவின் கதி என்ன ஆகும்?

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஏழாவது படிக்கிற பையன். அவங்க அம்மாவுக்குப் பால் சொசைட்டிப் பணம் வங்கிக் கணக்கில் விழும். போன் ரகசிய எண் பையனுக்குத் தெரியும், ஏன்னா அம்மாவுக்கு அதைப் போட்டுக் கொடுப்பதே அவன்தான். 79 ரூபாய், 79 ரூபாயாக 24 தடவை ஒரு விளையாட்டுக்குக் கட்டியிருக்கிறான். மொத்தம் 1,896 ரூபாய். தீவனக் கடைக்குக் கொடுக்கப் போகும்போதுதான் அந்த அக்காவுக்குத் தெரிஞ்சது. பையனுக்கு அடி விழுந்தது, அது வேற. ஆனால் அவன் சொன்னதை நான் நினைத்துப் பார்த்தேன். "நான் ரூபாயே எடுக்கல, வைரம்தான் வாங்கினேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏன்னா அவன் பொய் சொல்லவில்லை. அந்த விளையாட்டு அவனுக்கு அப்படித்தான் காட்டியிருக்கிறது. துப்பாக்கிப் படத்துக்குப் பக்கத்தில் ரூபாய் என்றே எழுதுவதில்லை. முதலில் ரூபாயை வைரமாக மாற்று, அப்புறம் வைரத்தைக் கொடுத்து சட்டை வாங்கு. எப்போதும் கொஞ்சம் வைரம் மிஞ்சும், அல்லது கொஞ்சம் குறையும், மறுபடி வாங்கணும். கணக்குப் பாடத்தில் 90 மார்க் வாங்குகிறவனுக்கே சட்டென்று விலை புரியாது.

நான் சொல்வது மட்டும் இல்லை. ஸ்டார் ஸ்டேபிள் என்று ஒரு குதிரை வளர்க்கிற விளையாட்டு இருக்கிறது, அதிகம் பெண்பிள்ளைகள் ஆடுவது. அதைப் பற்றி வந்த புகாரை ஒட்டி, 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் சில விதிமுறைகளைச் சொன்னார்கள். விளையாட்டுக்குள் விற்கிற பொருளுக்கு நிஜப் பணத்தில் விலை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அதில் ஒன்று. நம்ம ஊர்ச் சந்தையில் தக்காளிக்காரர் "கிலோ நாற்பது வைரம்" என்று சொன்னால் யாராவது வாங்குவோமா?

இன்னும் மோசம் அதிர்ஷ்டப் பெட்டி. பெட்டிக்கடையில் சின்ன வயசில் பரிசு அட்டை கிழிப்போமே, அதேதான். காசு கட்டினால் பெட்டி திறக்கும், உள்ளே என்ன வரும் என்று தெரியாது. மேலே சொன்ன மேப்பிள்ஸ்டோரியில் கியூப் என்று ஒன்று விற்றார்கள். நல்ல சக்தி கிடைக்கும் வாய்ப்பை ஆட்டக்காரர்களிடம் சொல்லாமலே 2010-இல் குறைத்துவிட்டார்கள். 2011-இலிருந்து, எல்லாரும் ஆசைப்பட்ட சில சேர்க்கைகள் வரவே வராதபடி செய்துவிட்டார்கள். பூஜ்ஜியம்! வராத பரிசுக்கு ஜனங்கள் வருஷக்கணக்கில் காசு கட்டியிருக்கிறார்கள். கடைசியில் 2024 ஜனவரியில் கொரிய அரசின் நியாய வர்த்தக ஆணையம் 1,160 கோடி வொன் அபராதம் போட்டது. பெல்ஜியத்தில் 2018-இலேயே இப்படிக் காசுக்கு விற்கிற பெட்டிகளைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டார்கள். நம்ம தமிழ்நாட்டில் பெரியவர்களுக்கே லாட்டரி சீட்டு வேண்டாம் என்று 2003-இல் தடை செய்தார்கள். பிள்ளைகள் கையில் மட்டும் லாட்டரி இருக்கலாமாம்.

"எல்லாம் வெறும் சட்டைதானே, வாங்காவிட்டாலும் ஆடலாமே" என்று எங்கள் வகுப்புப் பையன்கள் சொல்கிறார்கள். இது நியாயமான கேள்வி. உண்மையில் டோட்டா 2 என்ற விளையாட்டில் எல்லா வீரர்களையும் இலவசமாகவே கொடுக்கிறார்கள், அலங்காரம் மட்டும்தான் விலைக்கு. காசு கட்டினவனுக்கு பலம் கூடாது. அது மற்றதை விட நல்ல முறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் நமக்கு ஏன் சீருடை கொடுக்கிறார்கள்? பணக்காரப் பிள்ளை பட்டுச் சட்டை, ஏழைப் பிள்ளை கிழிசல் சட்டை என்று தெரியக் கூடாது என்பதற்காக. காலையில் எல்லாரும் ஒரே சட்டையில் இங்கே உட்காருகிறோம். சாயங்காலம் போனுக்குள் போனால், சும்மா கொடுத்த சட்டை போட்டவனை "டேய் ஓசி" என்று கூப்பிட்டு அணியில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். இதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வெறும் சட்டைதான் என்றால் அதை வாங்க ஏன் திருட வேண்டி வருகிறது?

சரி, டிக்கெட் என்றால் எப்படி? மாதச் சந்தா நமக்கு ஒத்துவராது. 15 டாலர் என்றால் ஆயிரம் ரூபாய்க்கு மேல், எங்கள் வீட்டில் கேட்டால் விளக்குமாறு வரும். மணிக்கணக்கில் வாங்கலாமா? சீனாவில் 2005-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தபோது அப்படித்தான் வாங்கினார்கள். 30 யுவானுக்கு ஒரு அட்டை, அதில் 4,000 நிமிடம் ஆடலாம். கணக்குப் போட்டால் மணிக்கு அரை யுவானுக்கும் குறைவு. எங்கள் சித்தப்பா பிரவுசிங் சென்டருக்குப் போன காலத்திலும் இதே மாதிரி மணிக்குத்தான் காசாம், நேரம் முடியப் போனால் தன்னால் எழுந்துவிடுவாராம். அது நல்லதுதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். மணிக்குக் காசு என்றால், ஆட்டத்தை இழுக்க இழுக்க கம்பெனிக்கு லாபம். பத்து நிமிஷத்தில் கிடைக்க வேண்டிய வாளை மூணு மணி நேரம் அலையவிட்டுத் தருவான். டவுன் ஆட்டோவில் சுற்று வழியில் கூட்டிப்போவது போல.

அதனால் நாள் டிக்கெட். ஷாம்பு பாட்டில் வாங்க முடியாதவர்களும் வாங்கட்டும் என்று கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் அதைச் சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்றாரே, அது மாதிரி. ஒரு நாளைக்கு ரெண்டு ரூபாய். ஆடாத நாளைக்குக் காசு இல்லை. பரீட்சை மாசத்தில் ஒரு பைசா செலவில்லை. உள்ளே போய்விட்டால் அத்தனை துப்பாக்கியும் அத்தனை சட்டையும் எல்லாருக்கும் பொது, ஜெயித்தவனுக்கு வேண்டுமானால் தனிச் சட்டை கொடுங்கள். வைரம் கிடையாது, பெட்டி கிடையாது. பதினெட்டு வயசுக்குக் கீழே என்றால் ஒரு மாசத்துக்கு மொத்தம் இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு, அதுக்கு மேலே பெற்றவர்கள் நினைத்தாலும் கட்ட முடியாத மாதிரி. திருவிழா ராட்டினக்காரர் இதைத்தான் பண்றார். சீட்டு வாங்கினால் எல்லாருக்கும் அதே தொட்டில், அதே சுற்று. உச்சியில் நிறுத்தி வைத்து "இன்னும் பத்து ரூபா கொடுத்தாத்தான் இறக்குவேன்" என்று சொல்வதில்லை.

ரெண்டு ரூபாயும் இல்லாதவன் என்ன பண்ணுவான் என்று எங்கள் அக்கா கேட்டது. அதற்கு என்னிடம் முழுசாகப் பதில் இல்லை. வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம், எல்லாருக்கும் டிக்கெட் இல்லாமல் திறந்துவிடலாம். ஆனால் ஒன்று, இப்போதும் அவன் சும்மா ஆடவில்லை. காசு கட்டுகிறவனுக்குச் சுட ஆள் வேண்டும், அந்த ஆளாகத்தான் அவனை உள்ளே விட்டிருக்கிறார்கள்.

கம்பெனிக்காரர்கள் இதற்கு லேசில் சம்மதிக்க மாட்டார்கள், கூட்டம் குறையும். அது நிஜம். ஓசி என்பதால்தான் இவ்வளவு கூட்டம். ஆனால் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் நம் நாட்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத்தான் தடை செய்கிறது. பந்தயமாக இல்லாமல், ஆடுவதற்கான சந்தாவோ நுழைவுக் கட்டணமோ வாங்குவதை அது அனுமதிக்கிறது. ஆகவே டிக்கெட் போட மனசு இருந்தால் போடலாம்.

இதை மறுத்து எழுத நினைப்பவர்கள், முக்கியமாக 9-ஆ பிரிவு கடைசி பெஞ்சுப் பசங்க, அடுத்த இதழுக்குள் எழுதித் தமிழய்யாவிடம் கொடுக்கலாம். பென்சிலில் இந்தத் தாளிலேயே கிறுக்க வேண்டாம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு