மூச்சு வாங்கும் எஞ்சின்

சென்னிமலைக்கு 1320 படிகள். முருகனைப் பார்க்கக் கிளம்பும் ஆசாமிகள் முதல் நூறு படியை வீரமாகத் தாண்டுவார்கள். அப்புறம் உட்கார இடம் தேடுவார்கள். காலில் பலம் இருக்கும், மூச்சுதான் பற்றாது.

அப்படி நான் உட்கார்ந்திருந்த ஒரு படியில்தான் அக்கா மகன் கேட்டான். பெருந்துறை சிப்காட்டில் வேலை. கார் லோனுக்கு எழுதிப் போடப் போகிறான்.

"ஏனுங் மாமா, டர்போ வாங்கறதுங்களா, சாதாவே போதுங்களா?"

எஞ்சினுக்கும் இதே மூச்சுப் பிரச்னைதான். பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுத்தால் போதாது, அது எரியக் காற்றும் வேண்டும். பிஸ்டன் தானாக இழுக்கிற காற்றுக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் அமுக்கித் திணிக்க இரண்டு வழி.

ஒன்று, சூப்பர்சார்ஜர். எஞ்சின் சுற்றும்போதே பெல்ட் போட்டு ஒரு காற்று பம்பையும் சுற்ற வைப்பது. 1920-களில் மெர்சிடிஸ், பென்ட்லி பந்தயக் கார்களில் இதுதான். மிதித்த மாத்திரத்தில் பாயும். ஆனால் பம்பை ஓட்டும் சக்தி எஞ்சினின் கைக்காசு.

இன்னொன்று, டர்போ. ஆல்ஃப்ரெட் பூக்கி என்ற சுவிஸ் எஞ்சினீயர் 1905-ல் காப்புரிமை வாங்கிய யோசனை. சைலன்ஸர் வழியே வீணாகப் போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே அச்சின் மறுமுனைச் சக்கரம் காற்றை உள்ளே தள்ளும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றையும் தாண்டும். மில்லில் கழித்த பஞ்சிலிருந்து நூல் எடுக்கிற நம்மூர்க்காரர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் புரியும். ஒரே குறை, புகை வேகம் பிடிக்கும்வரை கொஞ்சம் யோசிக்கும். புது டர்போக்களில் அந்தத் தயக்கம் குறைவு.

2023-ல் வந்த மாருதி ஃப்ரான்க்ஸையே பாருங்கள். சாதா எஞ்சின் 1.2 லிட்டர், சுமார் 90 குதிரை சக்தி. டர்போ 1 லிட்டர்தான், 100 குதிரை. இழுவை 113 நியூட்டன் மீட்டரிலிருந்து 148-க்குப் போகிறது.

"அப்ப டர்போதானுங்களே?"

"தினமும் ஒத்தை ஆளாப் பெருந்துறை போய்வர சாதாவே போதும் மாப்ளே. குடும்பத்தோட திம்பம் மலையில 27 கொண்டை ஊசி வளைவு அடிக்கடி ஏறுவீன்னா டர்போ வாங்கு. விலை கூட. ஆயிலும் தவணை தவறாம மாத்தணும். மலை ஏறினதும் டக்குனு அணைக்காதே. ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு ஆறவிடு."

"அது ஏனுங்?"

"கொதிக்கக் கொதிக்கச் சுத்தினது. அணைச்சா ஆயில் ஓட்டம் நின்னுடும். தேங்கின ஆயில் கருகி, பேரிங்குக்குக் கேடு."

தலையாட்டிவிட்டு எழுந்தான். "சரிங் மாமா, ஏறலாங்களா?"

"இரு மாப்ளே. எனக்கும் ஒரு நிமிஷம் ஆறணும்."