வெள்ளிக்கு விற்ற வரலாறு

1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. முதல் தமிழ்ப் பேசும் படம் எனப் பெயர் பெற்ற அதில் நாயகன் தெலுங்கில் பேச, நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் மறுமொழி கூறினார். பழங்கதையின் நடுவே காந்தியடிகளின் இராட்டையைப் போற்றும் பாட்டொன்றும் ஒலித்தது. கதைக்குப் பொருந்தாத பாட்டுத்தான். ஆயினும் நாளேட்டைப் படிக்க இயலாதவனுக்கும் அது விளங்கிற்று.

கற்றோர் திரைப்படத்தை இழிவெனக் கொண்டனர். காங்கிரசில் சத்தியமூர்த்தி கலைஞர்களை அரவணைத்தார். இராஜாஜிக்கு அக்கலை வேண்டாததாயிற்று. காலமோ வேறு வழி சென்றது. 1958இல் நடிகை கே. பி. சுந்தராம்பாள் சட்ட மேலவைக்குள் நுழைந்தார். 1962இல் நடிகர் எஸ். எஸ். இராசேந்திரன் தேனியில் தேர்தலில் வென்றார். 1967இல் குண்டடிபட்டுப் படுத்திருந்த எம்.ஜி.ஆர்., கழுத்துக் கட்டுடன் சுவரொட்டியிலேயே பரங்கிமலை வாக்காளரைச் சந்தித்து வாகை சூடினார், பத்தாண்டில் முதலமைச்சருமானார்.

திரையில் மயங்கிய கூட்டம் என்று ஏளனம் செய்வது எளிது. அதற்கு நாம் உடன்படோம். வெளியே சாதியால் விலக்கப்பட்டவனும் தரை டிக்கெட் வாங்கினால் நாற்காலிக்காரன் கண்ட அதே படத்தை அதே கூரையின்கீழ்க் கண்டான். 1952இல் வந்த 'பராசக்தி'யின் வசனத்தை நெட்டுருச் செய்து தெருமுனையில் முழங்கிய இளைஞன், மேடைத்தமிழ் தனக்கும் உரியது எனக் கண்டுகொண்டான். அவன் பேரன் இன்று கட்அவுட்டுக்குப் பாலூற்றுகிறான் என்பதையும் மறைப்பதற்கில்லை. உரிமை உணர்வும் அடிமை மனமும் ஒரே கொட்டகையில் வளர்ந்தது எவ்வாறு? ஆராய வேண்டிய வினா இதுவே.

ஆராய்வதற்குச் சான்று வேண்டுமே! 'காளிதாஸ்' படத்தின் ஒரு படிகூட இன்று இல்லை. அதற்கும் முந்தைய ஊமைப்படமான 'கீசக வத'மும் இல்லை. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும், தானே சிதையும். ஓடி முடித்தவற்றை வெள்ளி பிரித்தெடுக்கவும் விற்றனர். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியதே 1964இல்தான். அதற்குள் முன்னோடிகளின் உழைப்பு மண்ணாயிற்று.

கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்களேனும் பிழைத்தன. அவற்றைத் துண்டறிக்கைகளோடும் திருமண அழைப்பிதழ்களோடும் சேர்த்துக் காத்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா; பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். அவர் 1992இல் மறைந்தபின் அத்தொகுப்பை விலைகொடுத்து வாங்கக் கடல் கடந்து சிகாகோப் பல்கலைக்கழகம் வர நேர்ந்தது.