உர மானியத்தில் யார் சொல் எடுபடுகிறது?

யூரியா மானியத்தை உங்களுக்குக் கடன் கொடுத்தவர் நிறுத்தச் சொன்னால் என்ன செய்வீர்கள்? ஆப்பிரிக்காவின் மலாவியில் அதுதான் நடந்தது. கடன் கொடுத்த உலக வங்கி, உர மானியத்தைக் கைவிடும்படி பல ஆண்டுகள் வற்புறுத்தியது. சிறு விவசாயிகளின் நிலத்திலோ தழைச்சத்தே இல்லை. 2005-ல் மக்காச்சோளம் பொய்த்து, சுமார் 50 லட்சம் பேர் உணவு உதவிக்குக் காத்திருந்தார்கள். அந்த ஆண்டே அரசு சொந்தப் பணத்தில், கூப்பன் மூலம் மானிய உரம் கொடுத்தது. அரசுக் கணக்குப்படி அடுத்த அறுவடை இரு மடங்கைத் தாண்டியது. நல்ல மழையும் பெய்தது. எல்லாப் பெருமையும் உரத்துக்கே என்று சொல்ல முடியாது. பின்னாளில் மானியச் செலவு பட்ஜெட்டை அழுத்தியதும் உண்மைதான்.

ஆனால் அந்த லாப நட்டத்தை எடைபோடும் இடத்தில் மலாவிக்குக் குரல் இல்லை. நம் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. உலக வங்கியிலும் சர்வதேச நாணய நிதியத்திலும் பங்குக்கு ஏற்ற ஓட்டு. நிதியத்தில் அமெரிக்காவுக்கு 16 சதவீதத்துக்கு மேல். மலாவிக்கு அரை சதவீதம்கூட இல்லை. பங்குகளை மாற்ற 85 சதவீத ஓட்டு வேண்டும். அமெரிக்கா தலையசைக்காவிட்டால் கதை முடிந்தது. 2023 டிசம்பரில் எல்லோருடைய பங்குத் தொகையையும் 50 சதவீதம் உயர்த்த ஒப்புக்கொண்டார்கள். யாருக்கு எத்தனை பங்கு என்பதை மட்டும் தொடவில்லை.